பனி மேல் போட்ட பழி

இரண்டாம் உலகப்போர் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், அங்கே இருக்கும் நாலு பேரில் ஒருவராவது அந்த வசனத்தை எடுத்து விடுவார். "ஹிட்லர் செஞ்ச ஒரே தப்பு, குளிர்காலத்துல ரஷ்யா மேல படையெடுத்ததுதான். இல்லேன்னா உலகமே அவன் கையில." காலேஜ் கேன்டீன், க்விஸ் போட்டி, யூடியூப் வீடியோவின் பின்னூட்டம் என்று எங்கே போனாலும் இதே வசனம். சொல்பவர் முகத்தில் ஒரு ஞானக்களை வேறு. துணைக்கு நெப்போலியனையும் கூட்டிக்கொள்வார். அவனும் ரஷ்யப் பனியில் மாட்டிச் செத்தானாம்! (நெப்போலியன் செத்தது செயின்ட் ஹெலினா தீவில், அதுவும் ஒன்பது வருஷம் கழித்து. அதை விடுங்கள்.)

முதலில் தேதி. ஜெர்மனி சோவியத் யூனியன் மீது படையெடுத்தது 1941 ஜூன் 22. வருஷத்திலேயே நீளமான பகல்கள் வரும் வாரம் அது. குளிர்காலத்தில் யாரும் படையெடுக்கவில்லை. இதைச் சொன்னதும் வசனகர்த்தா கொஞ்சமும் அசராமல் அடுத்த கோட்டைக்குள் புகுந்து கொள்வார். "சரிப்பா, கிளம்பினது கோடையில. ஆனா தோக்கடிச்சது குளிர்தானே? சண்டையில ஜெர்மன்காரனை யாரும் ஜெயிக்கலையே?"

இங்கேதான் விஷமே இருக்கிறது. தேதியை மாற்றிச் சொல்வது அறியாமை, திருத்திவிடலாம். "சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை, வானிலைதான் ஜெயித்தது" என்பது அப்படியல்ல. அது தோற்றவர்கள் உட்கார்ந்து யோசித்துத் தயாரித்த சப்பைக்கட்டு. அது எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்க முழு யுத்தத்தையும் அலச வேண்டாம். ஒரே ஒரு டாங்கிப் படையின் பின்னாலேயே போனால் போதும்.

அந்தப் படை ஜெர்மனியின் 4வது பான்சர் டிவிஷன். 1938ல் வூர்ஸ்பர்க் நகரில் அமைக்கப்பட்டது. 1939 செப்டம்பரில் போலந்துத் தலைநகர் வார்சாவுக்குள் நேராக டாங்கிகளை ஓட்டிக்கொண்டு போய், தெருச் சண்டையில் ஏகப்பட்ட டாங்கிகளை இழந்து பின்வாங்கிய படையும் இதுதான். அப்போதும் பனி இல்லை. 1940ல் பெல்ஜியம், பிரான்ஸ். 1941 ஜூனில் ஏறத்தாழ 170 டாங்கிகளோடு ஜெனரல் குடேரியனின் 2வது பான்சர் குழுவில் சேர்ந்து சோவியத் எல்லையைத் தாண்டியது. ஜூலையில் ட்னீப்பர் நதி, பிறகு தெற்கே திரும்பி கீவ் முற்றுகை. வெற்றி மேல் வெற்றிதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த வெற்றிகளுக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் குடேரியன் குழுவின் டாங்கிகளில் பாதிக்கும் குறைவானவையே ஓடும் நிலையில் இருந்தன. மற்றவை குண்டடிபட்டோ, புழுதி தின்று இன்ஜின் கெட்டோ கிடந்தன. (ஆமாம், புழுதி. கோடைக்காலத்துப் புழுதி.) ஆகஸ்ட் 4ந் தேதி நேரில் சந்தித்தபோது தளபதிகள் புது இன்ஜின்கள் கேட்டார்கள். ஹிட்லர் தர ஒப்புக்கொண்டது முழு கிழக்கு முனைக்கும் சேர்த்து வெறும் 300. இது குடேரியனே எழுதி வைத்திருக்கும் தகவல். ஆள் கணக்கு இன்னும் மோசம். ஜெனரல் ஸ்டாஃப் தலைவர் ஹால்டரின் டைரிப்படி செப்டம்பர் முடிவில், அதாவது மாஸ்கோ தாக்குதல் முழுமூச்சில் தொடங்கும் முன்பே, இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து 5,51,039 பேர். மூன்று மாதம், எட்டு நாள். ஒரு பனித்துளிகூட விழவில்லை. இந்த ஐந்தரை லட்சம் பேரைச் சாய்த்தது எந்தக் குளிர் என்று அந்த கேன்டீன் பேராசிரியர்தான் விளக்க வேண்டும்.

மாஸ்கோ தாக்குதலில் குடேரியன் படைகள் மற்றவர்களை முந்திக்கொண்டு செப்டம்பர் 30ந் தேதியே கிளம்பின. முன்னணியில் 4வது பான்சர். நான்கே நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அக்டோபர் 3ந் தேதி ஓரெல் நகருக்குள் நுழைந்தது. டாங்கிகள் உள்ளே வந்தபோது நகரத்தில் டிராம் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தனவாம். சோவியத் தலைமை அந்த அளவுக்குத் தூங்கிவிட்டது. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. அதே அக்டோபரில் வியாஸ்மாவிலும் பிரியான்ஸ்கிலும் லட்சக்கணக்கான செஞ்சேனை வீரர்கள் வளைக்கப்பட்டதற்கும் ஸ்டாலினும் அவர் தளபதிகளும்தான் பொறுப்பு. ஜெர்மன் ஜெனரல்களின் கதையை உடைப்பதற்காக ஸ்டாலினுக்கு வெள்ளையடிக்கத் தேவையில்லை.

ஓரெலிலிருந்து நல்ல நெடுஞ்சாலை ஒன்று வடகிழக்கே துலா வழியாக மாஸ்கோ போகிறது. துலா வரை சுமார் 180 கிலோமீட்டர். நான்கு நாளில் 200 கிலோமீட்டர் ஓடியவனுக்கு இது எத்தனை நாள் வேலை? கணக்குப்படி நாலு நாள்கூட இல்லை. வழியில் ஓரெலிலிருந்து 50 கிலோமீட்டரில் ம்த்சென்ஸ்க் என்றொரு சின்ன ஊர். (வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பெயர்.)

அந்தச் சாலையில்தான் கர்னல் மிகையில் கதுகோவ் காத்திருந்தார். அவருடைய 4வது டாங்கி பிரிகேட் ஸ்டாலின்கிராட் பகுதியில் அவசர அவசரமாக உருவாக்கப்பட்டு, அந்த ஊர் டிராக்டர் தொழிற்சாலையில் செய்த டி-34 டாங்கிகளோடு ரயிலில் வந்திறங்கியது. எண்ணிக்கையில் பெரிய படையல்ல. கூடவே விமானத்தில் கொண்டு வந்து இறக்கிய பாராசூட் துருப்புகள், இன்னும் சில பிரிவுகள். எல்லாவற்றுக்கும் மேலே ஜெனரல் லெல்யூஷென்கோ. கோடை முழுவதும் சோவியத் டாங்கிகள் துண்டு துண்டாக, கும்பலாக எதிரி பீரங்கி முன்னால் போய் எரிந்து கொண்டிருந்தன. உக்ரைன் முனையில் அந்தக் கூத்தை நேரில் பார்த்து, அதில் அடிபட்டு வந்தவர் கதுகோவ். அவர் வேறு மாதிரி செய்தார். எதிரி கண்ணில் படுகிற இடத்தில் போலிப் பதுங்குகுழிகளை வெட்டி வைத்தார். நிஜ டாங்கிகளைப் புதர்களிலும் தோப்புகளிலும் ஒளித்து வைத்தார். எதிரி போலிக் குழிகளைச் சுட்டுத் தீர்த்துவிட்டு நிம்மதியாக முன்னேறும்போது பக்கவாட்டில் இருந்து அடி. அடித்துவிட்டு உடனே இடம் மாற்றம். சுட்ட இடத்தில் நிற்பதே இல்லை.

அக்டோபர் 6. 4வது பான்சரின் முன்னணிப் படை கர்னல் எபெர்பாக் தலைமையில் ம்த்சென்ஸ்குக்குத் தெற்கே இந்த வலைக்குள் வந்து சிக்கியது. டி-34களின் சாய்வான கவசத்தில் பான்சர்-3 டாங்கியின் 5 செ.மீ. குண்டுகள் பட்டுத் தெறித்தன. பதிலுக்கு வந்த 76 மி.மீ. குண்டுகள் தெறிக்கவில்லை. அன்றைக்கு ஜெர்மனி இழந்தது பத்து டாங்கிகள் அளவில்தான். எண்ணிக்கை சின்னது. ஆனால் அதன் விளைவு பெரிது. துலாவை நோக்கிய வேகப் பாய்ச்சலைத் தற்காலிகமாகக் கைவிட வேண்டியதாயிற்று என்று குடேரியனே தன் நினைவுக் குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். டிவிஷன் தளபதி லாங்கர்மான் பின்னர் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கை முழுக்க டி-34 பற்றிய புலம்பல். நவம்பரில் ஜெர்மனியிலிருந்து டாங்கி வடிவமைப்பாளர்கள் கொண்ட குழுவே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. 'பான்தர்' டாங்கி பிறந்த கதை அங்கே தொடங்குகிறது.

இப்போது ஒரு சின்ன விவரம். அந்த ஆண்டின் முதல் பனி எப்போது விழுந்தது தெரியுமா? அக்டோபர் 6ந் தேதி இரவு. சண்டை நடந்தது பகலில்! முதல் பனி விழும் முன்பே 4வது பான்சர் நிறுத்தப்பட்டுவிட்டது. இந்தத் தேதியைக் குறித்து வைத்ததும் சோவியத் பிரச்சாரகர் அல்ல, குடேரியன்தான். தன் புத்தகத்தில் ஒரே பக்கத்தருகே இரண்டையும் எழுதி வைத்துவிட்டு, பிறகு வரும் அத்தியாயங்களில் பூராவும் வானிலையைத் திட்டிக்கொண்டு போகிறார் மனிதர்.

ஓரெலிலிருந்து 50 கிலோமீட்டர் வந்து ம்த்சென்ஸ்கைப் பிடிக்க அவர்களுக்கு ஒரு வாரம் ஆனது. ஊரைப் பிடித்தபின் ஜூஷா ஆற்றங்கரையில் இன்னும் பத்து நாளுக்கு மேல் நின்றார்கள். சேறு வந்தது உண்மை. சாலை கூழானது உண்மை. ஓரெலுக்கு எரிபொருளை விமானத்தில் அனுப்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்ததும் உண்மை. ஆனால் சேறு இரு பக்கத்துக்கும் ஒரே சேறுதானே? செஞ்சேனையின் லாரிகள் என்ன சேற்றுக்கு மேலே பறந்தனவா? ரஷ்யாவில் வருஷா வருஷம் அக்டோபரில் சேறு வரும். அதற்கு 'ரஸ்புதித்சா' என்று தனிப் பெயரே உண்டு. அது பெர்லினில் இருந்த ஜெனரல் ஸ்டாஃபுக்கு மட்டும் தெரியாத ராணுவ ரகசியமா? ரஷ்ய ரயில் தண்டவாளம் 1,524 மி.மீ., ஜெர்மன் தண்டவாளம் 1,435 மி.மீ. என்பதும் ரகசியமல்ல. மாற்றிப் போட்டுக்கொண்டே முன்னேற வேண்டும், அதற்கு ஆளும் நாளும் வேண்டும் என்பது தெரிந்தேதான் கிளம்பினார்கள். எட்டுப் பத்து வாரத்தில் செஞ்சேனை நொறுங்கிவிடும், பிறகு ஆக்கிரமிப்புக்கு நிற்கும் கொஞ்சம் டிவிஷன்களுக்கு மட்டும் கம்பளி உடுப்பு இருந்தால் போதும் என்று திட்டம் போட்டார்கள். ஸ்லாவ் மக்கள் தாழ்ந்த இனம், ஓர் உதை விட்டால் மொத்த வீடும் சரிந்துவிடும் என்ற இனவெறிதான் அந்தத் திட்டத்தின் அஸ்திவாரம். கம்பளி உடுப்பு வராததற்குக் காரணம் குளிர் அல்ல, திமிர்.

அக்டோபர் 29ந் தேதிதான் துலாவின் தெற்கு விளிம்பைத் தொட்டார்கள். ஓரெல் விழுந்து 26 நாள். இந்த 26 நாளில் துலா என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதையிலேயே முக்கியமான பகுதி, 'குளிர் ஜெயித்தது' என்று சொல்பவர்கள் ஒரே வீச்சில் அழித்துவிடும் பகுதி. துலா ஒரு துப்பாக்கி ஊர். 1712ல் மகா பீட்டர் ஆணை போட்டு ஆயுதத் தொழிற்சாலை தொடங்கிய ஊர். (தேநீருக்கு வெந்நீர் வைக்கும் சமோவாருக்கும் பேர் போனது.) ஜெர்மானியர் நெருங்கியபோது தொழிற்சாலை இயந்திரங்கள் கிழக்கே ரயிலேறிக்கொண்டிருந்தன. நகரில் முறையான ராணுவம் என்று பெரிதாக எதுவும் இல்லை. பிரியான்ஸ்க் வளையத்திலிருந்து தப்பி வந்து சேர்ந்த, களைத்துப்போன பிரிவுகள்தான். ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு ஒரு ரெஜிமென்ட் திரட்டினார்கள். உள்துறைக் காவலர் ரெஜிமென்ட் ஒன்று. 732வது விமான எதிர்ப்பு ரெஜிமென்ட் தன் பீரங்கிகளை வானத்திலிருந்து கீழே இறக்கி, நெடுஞ்சாலையை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டது. ஊர் மக்கள் டாங்கித் தடைப் பள்ளம் தோண்டினார்கள்.

அக்டோபர் 30ந் தேதி காலையில் எபெர்பாக்கின் டாங்கிகள் வந்தன. திரும்பத் திரும்ப வந்தன. நகருக்குள் நுழைய முடியவில்லை. அன்றைக்கு மைனஸ் 35 டிகிரியும் இல்லை, ஆளை மறைக்கும் பனிப்புயலும் இல்லை. எதிரே இருந்தது லேத் பட்டறையிலிருந்து வந்து, சில நாள் பயிற்சியோடு பெட்ரோல் பாட்டிலைக் கையில் பிடித்த ஆட்கள். அவர்களில் பலர் அங்கேயே செத்தார்கள். அந்த ஆளைப் பார்த்து "உன்னால ஒண்ணும் இல்லப்பா, கிளைமேட்தான் காரணம்" என்று சொல்வது எவ்வளவு கேவலம்!

இதற்குப் பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. நவம்பர் முதல் வாரத்தில் நிலம் உறைந்தது. உறைந்ததும் ஜெர்மன் தளபதிகளுக்கு ஏக சந்தோஷம்! ஏனென்றால் சேறு இறுகி டாங்கி ஓட வழி கிடைத்தது. அந்த உறைபனியை நம்பித்தான் நவம்பர் நடுவில் மாஸ்கோ தாக்குதலின் இரண்டாம் சுற்றைத் தொடங்கினார்கள். அதாவது அக்டோபரில் "சேறு, அதனால் முடியவில்லை, உறையட்டும்" என்றார்கள். டிசம்பரில் "உறைந்துவிட்டது, அதனால் முடியவில்லை" என்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தை நிமிர்த்திக் கொடுத்த பிறகும் கோணல் என்றார்கள். டிசம்பர் 3ந் தேதி 4வது பான்சர் துலாவுக்கு வடக்கே சுற்றிப்போய் மாஸ்கோ சாலையைக்கூடத் தொட்டுவிட்டது. அத்தோடு சரி. 5ந் தேதி குடேரியன் தாக்குதலை நிறுத்தினார். 26ந் தேதி ஹிட்லர் அவரைப் பதவியிலிருந்து தூக்கினார். துலா கடைசி வரை விழவில்லை.

டிசம்பர் குளிர் கொடுமையானது என்பதில் சந்தேகமில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் சிப்பாய்களை உறைபனி கடித்தது. விரல் போனவர்கள், கால் போனவர்கள் ஏராளம். ஆனால் குளிர் ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை பார்க்கும் கூலிப்படையா? அப்படியானால் 1940 ஜனவரியில், மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே, பின்லாந்தின் ராத்தே சாலையில் ஒரு முழு சோவியத் டிவிஷன் சின்னாபின்னமானதே, அப்போது 'ஜெனரல் குளிர்' லீவில் போயிருந்தாரா? 1237 டிசம்பரில் மங்கோலியர்கள் ரியாஸான் நகரை எரித்தார்கள். அவர்கள் குளிர்காலத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தவர்கள், உறைந்த ஆறுகளைச் சாலையாக்கிக் கொண்டு குதிரையில் வந்தவர்கள். நெப்போலியன் கதையும் இதே லட்சணம்தான். ஷார்ல் மினார்ட் 1869ல் வரைந்த அந்தப் புகழ்பெற்ற வரைபடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும். ரஷ்ய எல்லையில் 4,22,000 பேர், மாஸ்கோவில் 1,00,000 பேர். மூன்று லட்சத்துக்கும் மேலானவர்கள் அந்தக் கோட்டிலிருந்து கழன்றது ஜூன் முதல் செப்டம்பர் வரை, பெரும்பாலும் பசியிலும் வெயிலிலும் நோயிலும் சண்டையிலும் ஓட்டத்திலும். திரும்பி வரும் வழியில்தான் பனி.

சரி, இவ்வளவு ஓட்டை உள்ள கதை எப்படி உலகம் பூராவும் பரவியது? எழுதியவர்கள் யார் என்று பார்த்தால் புரிந்துவிடும். குடேரியனின் நினைவுக் குறிப்பு 1951ல் ஜெர்மனில் வந்தது, அடுத்த ஆண்டே ஆங்கிலத்தில். ஹால்டர் போரின் வரலாற்றை எழுத அமெரிக்க ராணுவத்துக்காகவே வருஷக்கணக்கில் வேலை பார்த்தார். தனக்குக் கீழே பழைய ஜெர்மன் அதிகாரிகளை நூற்றுக்கணக்கில் உட்கார வைத்து எழுத வைத்தார். 1961ல் அமெரிக்கா அவருக்கு விருதும் கொடுத்தது. பனிப்போர் காலம். நாளைக்கு ரஷ்யாவோடு சண்டை வந்தால் என்ன செய்வது என்று அமெரிக்காவுக்குப் பாடம் வேண்டும், ஜெனரல்களுக்கு மானம் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒத்துப்போன கதை: தப்பெல்லாம் ஹிட்லருடையது, மிச்சம் வானிலையுடையது, நாங்கள் வெறும் திறமைசாலிகள். ஹிட்லர் செத்துவிட்டார், வானிலை வாய் திறந்து மறுப்புச் சொல்லாது. சோவியத் ஆவணங்களோ 1991 வரை பூட்டிக் கிடந்தன.

சோவியத் பக்கமும் கதை விட்டார்கள். ம்த்சென்ஸ்க் சண்டைகளில் கதுகோவின் பிரிகேட் 133 டாங்கிகளை அழித்ததாக அந்தக் காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். அந்தச் சாலையில் அவ்வளவு டாங்கி ஓடும் நிலையில் இருந்திருந்தால்தானே அழிப்பதற்கு! ஆனால் இந்தப் பொய்யை இன்றைக்குக் கேன்டீனில் யாரும் ஒப்பிப்பதில்லை. ஜெர்மன் ஜெனரல்களின் பொய்யைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

அந்தப் பொய் இன்னொரு வேலையும் செய்கிறது. குளிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மற்றதைப் பேச வேண்டியதில்லை. பிடிபடும் அரசியல் கமிசார்களைச் சுட்டுக் கொல்லச் சொல்லும் ஆணை தன் படைக்கு வரவே இல்லை என்று குடேரியன் எழுதினார். அவருடைய பிரிவுகளே கமிசார்களைச் சுட்டதாக அனுப்பிய அறிக்கைகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஜெர்மனியிடம் பிடிபட்ட சோவியத் போர்க்கைதிகள் சுமார் 57 லட்சம், செத்தவர்கள் சுமார் 33 லட்சம். 1941 குளிர்காலத்தில் அவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்ததற்கும் "கடும் குளிர், சப்ளை இல்லை" என்றுதான் பல நினைவுக் குறிப்புகள் சாக்குச் சொல்லின. அக்டோபரில் கைதிகளின் உணவு அளவைக் குறைத்ததும், வேலை செய்ய முடியாத கைதிகள் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான் என்று நவம்பர் 13ந் தேதி ஓர்ஷா கூட்டத்தில் சொன்னதும் ராணுவத்தின் சப்ளை தலைவர் எட்வர்ட் வாக்னர். தெர்மாமீட்டர் இல்லை. குடேரியனுக்கோ ஹிட்லர் மாதாமாதம் வரி இல்லாமல் 2,000 மார்க் கொடுத்தார். பிறகு ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில், அங்கே இருந்த குடும்பத்தை விரட்டிவிட்டு, ஒரு பெரிய பண்ணையும் பரிசு. புத்தகத்தில் இதற்கெல்லாம் எவ்வளவு இடம், சேற்றுக்கு எவ்வளவு இடம் என்று படிப்பவர்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

4வது பான்சர் டிவிஷனுக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது, அதுவும் அவர்கள் கேட்ட வானிலையில். 1943 கோடையில் குர்ஸ்க் சண்டை. ஓரெலுக்குத் தெற்கே ஜெனரல் மாடலின் 9வது ஆர்மியில் சேர்ந்து, ஜூலை 8ந் தேதி தெப்லோயே கிராமத்து மேடுகள் மீது பாய்ந்தது. சேறு இல்லை, உறைபனி இல்லை, கம்பளி உடுப்பு தேவையே இல்லை. முழு ஆர்மியும் 15 கிலோமீட்டரைக்கூடத் தாண்டவில்லை. ஜூலை 20ந் தேதி செஞ்சேனை ம்த்சென்ஸ்கை மீட்டது. ஆகஸ்ட் 5ந் தேதி ஓரெலையும் மீட்டது. அன்று இரவு மாஸ்கோவில் இந்தப் போரின் முதல் வெற்றி வேட்டுகள் முழங்கின.